திரும்பி வராத தாள்கள்

இருபத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த ஜோசப்பினின் விரல்கள் இப்போது பொகவந்தலாவை பஜாரில் சாக்லேட்டுக்குத் தாள் சுற்றுகின்றன. சரிபுதீன் முதலாளியின் கடைக்குப் பின்னால் ஓர் அறை. அங்கே சாக்லேட் செய்வது அவருடைய மகள் அஸீலா. கரும்பச்சையில் வெள்ளைத் தேயிலைப்பூ அச்சிட்ட தாள் அது. பிளாஸ்டிக் பூச்சு இல்லை, பசை இல்லை. திரும்பி வந்தால் மறுபடி தாளாகும், மண்ணில் விழுந்தால் மக்கிப் போகும். பசையில்லாமல் மடிப்பிலேயே நிற்க வேண்டும் என்பதால்தான் ஜோசப்பினுக்கு அங்கே வேலை.

தின்றவர்கள் தாளைக் கொண்டுவந்து போடட்டும் என்று அஸீலா கடை வாசலில் ஒரு பெட்டி வைத்தாள். மூன்று மாதம் ஆயிற்று. பெட்டிக்குள் கிடந்தவை இரண்டு பஸ் டிக்கெட்டும் ஒரு வெற்றிலைக் காம்பும்தான்.

"ஒண்டுமே வரல்ல அக்கா. எல்லாம் ஓடையிலதான் போகுது போல. வாப்பா சொல்ற மாதிரி பிளாஸ்டிக் உறைக்கே போயிருவோம். மெசின் ஒட்டிரும்" என்றாள் அஸீலா.

மெசின் ஒட்டிவிடும் என்றால் ஜோசப்பின் வீட்டில் இருக்கலாம் என்று அர்த்தம். அதை வேறு வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா?

"ஒரு வாரம் பொறுங்க பிள்ள. நான் தேடிக் கொண்டாறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பையோடு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போனாள். முதலில் ஓடையைப் பார்த்தாள். டொபி உறை, பிஸ்கட் உறை, ஷாம்பு பக்கட் எல்லாம் கிடந்தன. பச்சைத் தாள் ஒன்றுகூட இல்லை. முதல் லயத்தில் சின்னராசா வீட்டில்தான் முதல் தாள் அகப்பட்டது. இரண்டை ஒட்டிப் பிள்ளையின் கணக்குக் கொப்பிக்கு அட்டை போட்டிருந்தார்கள்.

"பூப் போட்ட தாள எப்படிங்க குப்பையில போடுறது?" என்றான் சின்னராசா.

ஜோசப்பினுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அவள் மட்டும் என்ன செய்தாளாம்? ஏழு வயதில், கிறிஸ்மஸுக்குத் துரை பங்களாவில் வீட்டுக்கொரு சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஐந்து பேர், ஆளுக்கொரு கட்டி, நாக்கில் வைத்ததும் போயிற்று. ஈயத்தாளை மட்டும் அவள் அழுது வாங்கிக்கொண்டாள். நகத்தால் நீவிச் சுருக்கம் எடுத்துக் கோயில் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தாள். தாளில் ஒட்டியிருந்த சாக்லேட் வாசனைக்காகவே தெரியாத பாட்டுக்கும் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடிப்பாள். எவ்வளவு பக்தி என்று சாமியார்கூட மெச்சினார். கல்யாணமாகிப் போகும்வரை அந்தத் தாள் இருந்தது. அம்மா, தம்பி, பனி மூடிய அந்தக் கோயில் எல்லாம் ஒருசேர நினைவுக்கு வந்தன.

கடைசி லயத்தில் அழகம்மா வீடு. குவைத்துக்குப் போன மகளின் படம் சுவரில் இருந்தது. அதைச் சுற்றிப் பன்னிரண்டு பச்சைத் தாள்கள், மூலைக்கு மூலை அளந்து ஒட்டியிருந்தாள்.

"உசுரோட இருக்கிற புள்ளைக்கு மாலை போடக் கூடாதுல்ல. வெறுமனே விடவும் மனசு வரல. அதான் இத ஒட்டுனேன்" என்றாள் அழகம்மா.

ஜோசப்பின் தேத்தண்ணி குடித்துவிட்டு, பையை விரிக்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் அஸீலாவிடம் சொன்னாள். "கேட்க வாய் வரல பிள்ள. வெறும் பையோடதான் வந்திருக்கேன். மெசின் வாங்குறதுன்னா வாங்கிக்கங்க."

 அஸீலா வாசலுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அழகம்மாட மகள் எப்ப வாறாங்களாம்?"

"இன்னும் ரெண்டு வருசமாம்."

"அப்ப அது வரைக்கும் பூவ மாத்த வாணாம். மடிப்பையும் மாத்த வாணாம் அக்கா."