பெட்டிக்கு முகம் எந்தப் பக்கம்?

நாளை மாமனாருக்குக் கருமாதி. மாலை போட்டு வைக்கப் பெரிய படம் வேண்டும்.

"நெறைய படம் கொண்டாங்க, அதுல நல்லதா ஒண்ணு எடுத்துக்கலாம்" என்றார் பாப்பாரப்பட்டி ஸ்டுடியோக்காரர்.

எங்கள் வீட்டுப் படம், வீடியோ எல்லாம் ரௌட்டர் பக்கத்தில் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியில்தான் கிடக்கின்றன. அதிலிருந்து லேப்டாப்புக்கு இழுத்தால் ஆமை வேகத்தில் வருகிறது. கேபிளை மாற்றினேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். வேகம் கூடவில்லை.

"ஆயுத பூஜையில இருந்தே இப்படித்தாங்க இருக்குது" என்றாள் மனைவி.

பெட்டியைத் திருப்பி, கேபிள் செருகும் துளைக்குள் டார்ச் அடித்தேன். உள்ளே இருந்த சன்னக் கம்பிகளின் மேல் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

பூஜையன்று டிராக்டர், மோட்டார், மிக்சி என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த மாமனார், இந்தப் பெட்டியின் முன் நின்று என்னைக் கேட்டார்.

"இதுக்கு மொகம் எந்தப் பக்கம் மாப்ள?"

நான் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்க வேணா வெய்ங்க மாமா."

யோசித்துப் பார்த்திருப்பார் போல. முன்னால் ஒன்று வைத்துவிட்டு, கேபிளைக் கழற்றிப் பின்னால் அந்தத் துளை மேலும் ஒன்று வைத்து, மறுபடி செருகியிருக்கிறார்.

பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தேன். சந்தனம் உதிர்ந்தது. அப்புறம் படங்கள் மளமளவென்று வந்தன, ஒவ்வொன்றிலும் அவர்.

முன்பக்கத்துப் பொட்டை நாங்கள் துடைக்கவில்லை.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இந்தப் பெட்டிக்கு முகம் எந்தப் பக்கம்? கேட்டவருக்கு நாளை நான் பதில் சொல்லியாக வேண்டும்.