குடியுரிமைப் படிவத்தில் நான் நிரப்பிய கட்டம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை. கும்மிடிப்பூண்டி பஜாரில் நான் நடத்தும் ஆன்லைன் சென்டரில் பட்டா, பான் கார்டு, பி.எஃப். என்று ஒரே கூட்டம். இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மகளும் வந்திருந்தார்கள். சின்ன வயதில் படகேறி வந்தவர்; பெயின்ட் அடிக்கும் வேலை. மகளுக்கு இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கலாம் என்று வக்கீல் ஒருவர் சொல்லியிருந்தாராம்.

எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அரசாங்கக் கட்டணம் தனி, முத்திரைத்தாள், நோட்டரி தனி, போட்டோ, ஸ்கேன், என் கூலி தனி என்று ஒப்பித்தேன். அவர் ஒவ்வொன்றையும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு, "ஏலாதெண்டு சொன்னா இந்தக் காசு திரும்ப வருமோ, தம்பி?" என்று கேட்டார்.

"கட்டுனா கட்டுனதுதான் பெரியவரே, வராது."

பின்னால் நின்றவர், "இன்னாபா, நாஷ்டா கூட துன்னாம நின்னுக்கினு இருக்கோம், சீக்கிரம் முடி" என்று சத்தம் போட்டார். பஜாரில் என்னைவிட வேகமாக டைப் அடிக்க ஆள் இல்லை என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பெண் சொல்லச் சொல்ல அடித்துத் தள்ளினேன். பிறந்தது இங்கே அரசு ஆஸ்பத்திரியில், படித்ததும் இங்கேதான். பேச்சும் அசல் நம்மூர்ப் பேச்சு.

"பாத்து அடிங்ணா, அப்பா ரெண்டு மாசமா சேத்த காசு" என்றாள். பெயரை மட்டும் சரிபார்த்தேன். கட்டணத்தைக் கட்டி, அனுப்பி, ரசீதைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

சில வாரம் கழித்துக் கடிதத்தோடு வந்தார்கள். விண்ணப்பம் தள்ளுபடி. கணினியில் பழைய விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். 'தற்போதைய குடியுரிமை' என்ற கட்டத்தில் நான் 'இந்தியா' என்று அடித்திருக்கிறேன்! இந்தியர் எதற்கு இந்தியக் குடியுரிமை கேட்க வேண்டும்? புதிதாக விண்ணப்பித்து மறுபடியும் கட்டணம் கட்டச் சொல்லியிருந்தார்கள்.

பெரியவர் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "இன்னும் ரெண்டு மாசம் பொறுத்து வாறம், தம்பி" என்று எழுந்தார். வெட்கமாகப் போய்விட்டது. கையைப் பிடித்து உட்காரவைத்து, தப்பு என்னுடையது, கட்டணம் நான்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாகச் சொன்னேன். நோட்டரி செலவையாவது தானே தருவதாக அவரும் பிடிவாதம் பிடித்தார், கொடுத்தும்விட்டார்.

இந்தத் தடவை மானிட்டரை மகள் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டினேன். அந்தக் கட்டம் வந்தது. அப்பா, அம்மா அகதிகள் என்பதால், இங்கேயே பிறந்திருந்தாலும் சட்டப்படி 'இலங்கை' என்றுதான் அடிக்க வேண்டும். அவள் கண்ணால்கூடப் பார்த்திராத நாடு. எனக்கு விரல் ஓடவில்லை.

"அடிங்ணா, பரவால்ல. என்ன இந்தியான்னு எழுதுன மொத ஆளு நீங்கதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

பதில் இன்னும் வரவில்லை. அவர்கள் கடைப்பக்கம் வரும்போதெல்லாம் இணையத்தில் நிலவரம் பார்த்துச் சொல்கிறேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். அன்று அவசரத்தில் நான் அடித்த அந்தத் தப்பு மட்டும் ஒருநாள் சரியென்று ஆகிவிட வேண்டும் என்பதுதான் இன்றுவரை என் ஆசை.