கதையின் முன்பாதி

ரொட்டித் தொழிற்சாலையில் தட்டுக் கழுவுகிறவளுக்குத் தட்டக்கா என்றே பெயராகிவிட்டது. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டாள். ஆனால் காது மட்டும் கூர்மை. அவள் நிற்கிற இடத்துக்கும் மாவு பிசையும் இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர்தான். அங்கே பேசுவதெல்லாம் இங்கே கேட்கும்.

புதிதாக ஆள் சேரும்போதெல்லாம் சூப்பர்வைசர் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தி ஒரு கதை சொல்வார். சட்டதிட்டம் படித்துக் காட்டினால் கொட்டாவி விடுகிறார்கள், கதை சொன்னால் கை தானாகப் பின்னால் போகிறது என்பது அவர் அனுபவம். அது பொய்யில்லை. ஆனால் வாய்மாறி வாய்மாறி அந்தக் கதை தேய்ந்துபோயிருந்தது. ஒருத்தன் இருந்தான், அவசரக்குடுக்கை, ஓடுகிற இயந்திரத்தில் கையை விட்டான், போய்ச் சேர்ந்தான். அவ்வளவுதான். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான்?

அந்த ஒருத்தன்தான் தட்டக்காவின் கணவர். சூப்பர்வைசருக்கு அது தெரியாது. அவர் பிறகு வேலைக்கு வந்தவர், முன்பிருந்தவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். அவர்மேல் கோபப்பட அவளுக்கு மனம் வரவில்லை. கதை தொடங்கியதும் தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டுக்கொள்வாள். இத்தனை வருஷமும் அப்படியே ஓட்டிவிட்டாள்.

இன்று தட்டக்காவின் மகளும் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அப்பா போனபோது கைக்குழந்தை. அப்பா வேலை செய்யுமிடத்தில் இறந்தார் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கேட்கும்போதெல்லாம் அப்புறம் சொல்கிறேன் என்று தட்டக்கா நழுவிவிடுவாள். சொல்லத் தொடங்கினால் உடைந்துவிடுவோம் என்ற பயம். தான் சொல்லாமல் விட்டதை இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் வேறொருவர் தப்பாகச் சொல்லப் போகிறார். என்றைக்காவது அந்த அவசரக்குடுக்கை யாரென்று மகளுக்குத் தெரியாமலா போகும்?

"ஒருத்தன் இருந்தான்" என்று குரல் கேட்டது. தட்டக்கா குழாயை மூடினாள். ஈரக் கையோடு சுவரைச் சுற்றிப் போய் நின்றாள்.

"சார், கதைய நடுவுலேர்ந்து சொல்றீங்க."

அவர் புரியாமல் பார்த்தார்.

"நிறுத்துற சுவிட்ச் அப்ப அந்தக் கோடியில இருந்துச்சு. கூட வேலை செஞ்ச பொண்ணோட சட்டைக்கை உள்ள மாட்டிக்கிச்சு. சுவிட்ச்சுக்கு ஓடியிருந்தா அவ போயிருப்பா. அவரு கைய உள்ள விட்டு அவள இழுத்துப் போட்டாரு. அவ பொழச்சா. அவ சொல்லித்தான் எனக்கே தெரியும்." பிறகு மகளைப் பார்த்துச் சொன்னாள்: "அது உங்கப்பா."

இயந்திரத்தின் பக்கவாட்டில், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிவப்பு சுவிட்ச் இருந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்பம்மா வந்துச்சு?"

"அதுக்கப்புறந்தான்."

சூப்பர்வைசர் தலைகுனிந்து நின்றார். தெரியாமல் போயிற்று என்று இரண்டு முறை சொன்னார். புதிதாக வந்தவர்கள் வழக்கம்போலக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். கூடவே, பக்கத்தில் நிற்பவரின் சட்டைக்கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த தடவை ஆட்கள் சேர்ந்தபோது தட்டக்கா தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பால் சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "முன்னெல்லாம் நிறுத்துற சுவிட்ச் அந்தக் கோடியில இருந்துச்சு."

தட்டக்கா குழாயை மூடினாள். கதை முடியும்வரை திறக்கவில்லை.