லெனோராவின் காதில் அனூஷ்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து இருபதுக்குப் போன் வந்தது. பர்பேங்க் ஸ்டூடியோ வாசலில் ஒலிப்பதிவுப் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். அனூஷின் தம்பி வாஹன் பேசினான். "அக்கா தூக்கத்துலயே போயிட்டா. லெனோராம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, என்னால முடியல."

அனூஷ் கசாரியன் க்ளெண்டேல்காரி. முப்பத்தோரு வருடம் கன்டினியூட்டி பார்த்தாள். போன ஷாட்டில் கோப்பை எந்தக் கையில் இருந்தது, கோட்டில் எத்தனை பட்டன் திறந்திருந்தது என்று எழுதிவைக்கிற வேலை. படம் முடிந்து அவள் பெயர் ஓடுவதற்குள் ஜனங்கள் எழுந்து போயிருப்பார்கள்.

லெனோரா வாட்லியைத் தெரியாதவர்கள் குறைவு. நாற்பது வருடம் சினிமா, பிறகு டிவி, கை கொள்ளாத விருதுகள். எழுபத்தோரு வயதில் லேசான பக்கவாதம் வந்தது. கைகால் தேறிவிட்டது. வசனம்தான் மனதில் நிற்கவில்லை. நீதிபதியாக நடிக்க ஒரு தொடர் அமைந்தபோது, காதுக்குள் பட்டாணி அளவில் ஒரு கருவி வைத்து, வசனம் எடுத்துக்கொடுக்க ஓர் ஆளை உட்காரவைப்பதென்று முடிவானது. ஒலிப்பதிவாளன் என்பதால் கருவியை நான்தான் பொருத்தினேன். ஆள் யார் என்று கேட்டபோது லெனோரா அனூஷின் பெயரைத்தான் சொன்னாள். செட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வெளியே மூச்சுவிடவில்லை.

முதல் வாரமே சண்டை. தீர்ப்பு வாசிக்கும் இடத்தில் லெனோரா நிறுத்தினாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து அனூஷ் அடுத்த வார்த்தையை மைக்கில் சொல்லிவிட்டாள். லெனோரா திரும்பினாள்.

"ஏண்டி, நான் நடிச்சிட்டிருந்தேன்."

"மறந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"மறந்தா முழிப்பேன்ல."

"நடிச்சாலும் முழிக்கிறீங்களே. நான் எது எதுன்னு பிரிக்கிறது?"

லைட்மேன்கள் சிரித்துவிட்டார்கள். லெனோரா சிரிக்கவில்லை. "கண்டுபிடி. அதுக்குத்தான் உன்னைக் கேட்டேன்."

அனூஷ் என் ஹெட்போனை வாங்கி மூன்று நாள் லெனோராவின் மூச்சை மட்டும் கேட்டாள். மறந்தால் மூச்சு நின்றுவிடுகிறது. நடிக்கும்போது பேச்சு நின்றாலும் மூச்சு ஓடுகிறது. இத்தனை வருடம் எனக்கு இது தெரியவில்லையே என்றேன்.

"நீதான் அதை இரைச்சல்னு வெட்டிப் போட்டுடுவியே, டெரன்ஸ்."

முதல் சீசனின் கடைசி நாள், சேனலிலிருந்து மூன்று பேர் வந்து மானிட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். லெனோரா தடுமாறுகிறாள் என்று எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருந்தது. வேறு நடிகையைப் போடுவதா என்று பார்க்கத்தான் வந்தார்கள்.

நீதிபதி பதவி விலகும் காட்சி. பாதி வாக்கியத்தில் லெனோரா நின்றாள். டைரக்டர் அனூஷைப் பார்த்தார். சேனல் பெண்மணி முணுமுணுத்தாள்: "மறந்துட்டாங்க. யாராவது எடுத்துக் குடுங்களேன்."

அனூஷின் விரல் மைக் பட்டனில் இருந்தது. அவள் காதிலும் என் காதிலும் ஹெட்போன். லெனோராவின் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பதிவைப் பிறகு அளந்து பார்த்தேன், பதினொரு நொடி. அதன்பின் லெனோரா மீதி வாக்கியத்தைத் தானாகவே சொல்லி முடித்தாள். சேனல்காரர்கள் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது. இன்னும் இரண்டு சீசன் அவளேதான் என்று அடுத்த வாரம் கடிதம் வந்தது.

அன்று ஷாட் முடிந்ததும் லெனோரா நேரே அனூஷிடம் வந்தாள். "வார்த்தை குடுக்காமயே இருந்துட்டியே?"

"நீங்க நிஜமாவே மறந்திருந்தா?"

"நீ மட்டும் வார்த்தையக் குடுத்திருந்தா, அங்கயே உன் கழுத்தைப் பிடிச்சிருப்பேன்."

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அனூஷ் வீட்டில், அரிசி அடைத்த திராட்சை இலைச் சுருளைத் தின்றுகொண்டே இருவரும் ஸ்கிரிப்டைப் புரட்டுவார்கள். லெனோரா வேண்டுமென்றே நிறுத்தப்போகும் இடங்களில் அனூஷ் பென்சிலால் கோடு போடுவாள். இரண்டாவது சீசன் அப்படித்தான் முடிந்தது.

மூன்றாவது சீசன் வரும் திங்களன்று தொடங்குகிறது. இன்று உடை அளவு பார்க்க வந்த லெனோராவிடம் நான்தான் சொன்னேன்.

"திங்கக்கிழமை எனக்கு வார்த்தைய யாரு குடுப்பா?"

"நான்."

"என் மூச்சு கேக்குமா உனக்கு?"

"அனூஷ் சொல்லிக் குடுத்திருக்கா."

"அப்போ சரி. டைரக்டர்கிட்ட வர்றேன்னு சொல்லிடு."

அனூஷ் வீட்டில் இருந்த முதல் எபிசோடு ஸ்கிரிப்டை வாஹன் மாலையில் கொண்டுவந்து கொடுத்தான். மொத்தம் நாற்பத்தாறு பக்கம். பென்சில் கோடுகள் முப்பத்தோராம் பக்கம் வரைதான் இருக்கின்றன.