டெனிஸ் போர்த்திவிட்ட கம்ப்யூட்டர்

மலைமேல் இருக்கிற நாயுடுபுரத்து அனிட்டாவுக்கு ஒரு குணம் உண்டு. முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இருபது வருஷம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து ஆபீசில் கிளார்க்காக இருந்தாள். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் அமைந்த ஒரே வேலை கீழே பழனியில், ஒரு லாட்ஜில். அக்காள் வீட்டில் தங்கிக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை மலையேறி வந்து புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். நாற்பத்தெட்டு வயதில் இதெல்லாம் ஒரு பிழைப்பா? நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. சுற்றுலா வருகிறவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே ரூம் போட்டுக் கொடுக்கிற வேலை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இன்டர்வியூ. போனில் வரக் கூடாது, வேலை பார்க்கப்போகிற கம்ப்யூட்டரிலேயே வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பாகவே கிடக்கிறது. பெட்டிக்குள்ளிருந்து பீப், பீப் என்று விட்டுவிட்டுச் சத்தம். அனிட்டா பிளக்கை வேறு இடத்தில் சொருகினாள், திரைக்குப் போகிற வயரைக் கழற்றி மாட்டினாள். அது பாட்டுக்கு பீப் என்றது. மெக்கானிக் வேலுமணிக்குப் போன் போட்டாள்.

“அக்கா, நான் பழனியில ஒரு கல்யாணத்துல இருக்கேன். நாளைக்கு வெள்ளனே வந்து பாக்குறேன். நீங்க கை வச்சிராதீங்க, உங்களால முடியாது.”

சொன்னானே ஒரு வார்த்தை! அனிட்டா போனை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

“விடு அனிட்டா,” என்றான் அவள் புருஷன் டெனிஸ். டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன், எதற்கும் பதறாத ஆள். “லாட்ஜ் வேலைக்கே போ. பழனி என்ன அமெரிக்காவா? நானே வேன்ல கொண்டுபோய் விடுறேன்.”

“விடுவீங்க. சாயங்காலம் யாருகூட உக்காந்து சாப்பிடுவீங்க?”

டெனிஸ் வெளியே போய் வேனிலிருந்து டூல்ஸ் பையை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

இப்படிச் சத்தம் போட்டால் பெரும்பாலும் ரேம்தான் கோளாறு என்று போனில் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். சீப்பு நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை, அதுதான் ரேம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் கையை உள்ளே விட்டவள் அப்படியே நின்றாள். விரலெல்லாம் ஈரம். கூரை ஒழுகவில்லை, ஜன்னலும் சாத்தித்தான் இருந்தது. பிறகு எங்கிருந்து வந்தது தண்ணீர்? சட்டென்று திரும்பி, நாற்காலியில் கிடந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துப் புரட்டினாள். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர்.

தினமும் சாயங்காலம் அவள் கம்ப்யூட்டரை அணைத்த கையோடு, பனி இறங்குமே என்று டெனிஸ் அதன்மேல் வேனுக்குப் போடுகிற பிளாஸ்டிக்கைப் போர்த்தி, மேலே ஒரு கம்பளியும் போட்டுவிடுவான். சுடுசோற்றை மூடி வைத்தது போல் அது உள்ளுக்குள்ளேயே வேர்த்திருக்கிறது.

“ஏங்க, இத்தனை நாளா இதை மூச்சு முட்ட வச்சது நீங்கதான்.”

“பனிக்குன்னுதானே மூடுனேன்,” என்றான் டெனிஸ். முகம் சுண்டிப்போயிற்று. திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஈரத்தைத் துணியால் ஒற்றினாள். தலைமுடி காயவைக்கிற டிரையரைச் சூடில்லாமல் வைத்துத் தள்ளி நின்று காட்டினாள். ரேமைப் பிடுங்கிப் பார்த்தால் அதன் பொன்னிற விளிம்பு கறுத்திருந்தது. பென்சில் அழிக்கிற ரப்பரால் பதமாகத் தேய்த்தாள், பளிச்சென்று வந்தது. சொருகிச் சுவிட்சைப் போட்டாள். மறுபடியும் பீப், பீப். அனிட்டா மணியைப் பார்த்தாள். இன்டர்வியூவுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். ரேம் ஒரு பக்கம்தான் இறங்கியிருந்தது, மறுபக்கத்துக் கொக்கி மாட்டவேயில்லை. பல்லைக் கடித்து அழுத்தினாள். டக்கென்றது.

இந்த முறை ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம் வந்தது.

“வந்துருச்சுங்க,” என்றாள். டெனிஸ் சிலுவை போட்டுக்கொண்டான். பெட்டியை மூடக்கூட நேரமில்லை, அப்படியே போய் உட்கார்ந்துவிட்டாள்.

கேள்வி கேட்டவள் லாவண்யா என்ற சின்ன வயதுக்காரி. எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்சம் இழுத்தாள்.

“நீங்க மலைமேல இருக்கீங்க. வேலை நடுவுல சிஸ்டம் நின்னுட்டா சரி பண்ண ஆளு வருவாங்களா மேடம்?”

அனிட்டா கேமராவைத் திருப்பி, வாயைப் பிளந்து கிடந்த பெட்டியைக் காட்டினாள்.

“ஆளு நாளைக்குத்தாங்க வருவாரு. காலையில நின்னு போச்சு. நானே கழட்டிச் சரி பண்ணித்தான் உங்ககூடப் பேசிக்கிட்டிருக்கேன்.”

லாவண்யா திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். “அந்த ரப்பர் எதுக்கு?”

அனிட்டா கம்பளி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் லாவண்யா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “திங்கக்கிழமை சேர்ந்துர்றீங்களா?” என்றாள்.

அன்று சாயங்காலம் அனிட்டா கம்ப்யூட்டரை அணைத்ததும், பழக்கதோஷத்தில் டெனிஸ் பிளாஸ்டிக்கோடு வந்து நின்றான். அவள் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அவன் வெளியே போய் அதை வேனுக்குப் போர்த்திவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து அவளோடு சாப்பிட உட்கார்ந்தான்.