பாதி உடம்புக்கு மருந்து

கெங்கம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவள் தம்பி லட்சுமணன் மேல்தான் எனக்கு முதலில் ஆத்திரம் வருகிறது. பக்கத்து நிலத்துக்காரியான எனக்கே இப்படி என்றால், கூடப் பிறந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஜவ்வாது மலையில் சாமை விதைத்துப் பிழைத்தவள் அவள். நாய்க்குச் சொறி பிடித்தால் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். கந்தகத்தைப் பொடித்துப் புங்க எண்ணெயில் குழைத்துப் பூசுவாள். சின்னக் குட்டி என்றால் ஒரு நாள் பாதி உடம்புக்கு மட்டும். ஒரு நாள் விட்டுத்தான் மீதிப் பாதி. நக்கிவிடாதபடி பழந்துணி சுற்றி, காயும்வரை மடியிலேயே வைத்திருப்பாள். அவசரக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவள் காதில் வாங்கமாட்டாள்.

எண்பத்தொன்றாம் வருஷம் வனத்துறை ரேஞ்சர் வீட்டு நீலாவதியம்மாள் ஒரு பொமரேனியன் குட்டியைக் கொண்டுவந்து விட்டாள். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு; காதிலும் காலிலும் முடியே இல்லை. பதினைந்து நாளில் மெல்லிய வெள்ளை முடி துளிர்த்தது. அந்த நேரம் பார்த்துச் செங்கத்தில் கெங்கம்மாளின் மகளுக்குப் பிரசவம்.

"கஞ்சி மட்டும் ஊத்துடா. மருந்து கிருந்து எதையும் தொடாத," என்றாள் தம்பியிடம்.

"நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வாக்கா."

அவனுக்கு ரேஞ்சரிடம் காவலாள் வேலை வேண்டியிருந்தது. அக்கா வருவதற்குள் தானே குணமாக்கிக் கொடுத்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று கணக்குப் போட்டான். மாட்டு உண்ணிக்குப் போடும் பூச்சிமருந்துப் பொடியைக் கரைத்துக் குட்டியை அதில் முழுக்காட்டினான். அது நடுங்கி, நுரை தள்ளிச் செத்தது.

அன்று சாயங்காலம் கெங்கம்மாள் திரும்பியபோது வாசலில் நீலாவதியம்மாள் நின்றிருந்தாள். லட்சுமணன் குனிந்த தலை நிமிராமல் சொல்லிக்கொண்டிருந்தான்: "அக்கா போட்ட எண்ணெய்தாம்மா ஒத்துக்கல."

கெங்கம்மாள் குட்டியைத் தூக்கி முகர்ந்தாள். பூச்சிமருந்து நெடி. அதே நெடி அவன் கையிலும் அடித்தது.

"இன்னாடா பண்ண?"

அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "உன்ன நம்பித்தானே குடுத்தேன்," என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு நீலாவதியம்மாள் போய்விட்டாள். அந்த வார்த்தையைக் கெங்கம்மாள் தம்பியிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் குட்டியைப் பழந்துணியில் சுற்றினாள். தான் தூக்கி வளர்த்த தம்பியே கழுத்தறுத்துவிட்டான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

அதன்பிறகு யாரும் அவளிடம் குட்டி கொண்டுவரவில்லை. அவனுக்கு வேலை கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்து, அவன் ஆசையாக வாங்கி வளர்த்த பொமரேனியன் குட்டிக்குச் சொறி வந்தது. வெட்கங்கெட்டவன், நேரே அக்காவிடம் தூக்கிக்கொண்டு வந்தான். நானாக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். அவள் வாங்கி, பாதி உடம்புக்குப் பூசி, துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் கையை நீட்டினான்.

"மீதிப் பாதி நாளான்னிக்கு. அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்," என்றாள். "உன்னண்ட குடுக்க மாட்டேன்."