வேறொருவருக்குப் போட்ட வாய்க்கரிசி

கொல்கத்தா மின்மயானத்தில் உலைக்கதவைத் திறந்து மூடுபவர் அவர். ஒவ்வோர் உடலையும் உள்ளே தள்ளியதும் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வார்.

அதே நகரத்துப் பெஹாலாவில் தனியாக இருந்த அப்பாவை நான் பார்த்து எட்டு வருடம். பக்கத்து வீட்டார் உடலைக் கொண்டுவந்திருந்தார்கள். விமான நிலையத்திலிருந்து நேராக ஓடினேன். வரிசையில் கிடந்த ஒருவரின் காலைப் பிடித்து அழுதேன், வாய்க்கரிசியும் போட்டேன்.

"அது வேற வீட்டு அப்பா, அண்ணா. உங்களோடவர் அடுத்தாப்ல," என்று உலைக்காரர் வங்காளத்தில் சொன்னார்.

அப்பாவை எரித்த பிறகு, எரியாமல் மிஞ்சிய தொப்புளை அங்கத்து வழக்கப்படி கங்கையில் விடச்சொல்லி மண்சட்டியில் நீட்டினார்.

"இது அப்பாவோடதுதானா?" என்று கேட்டேன்.

தலையை வாரி முடித்தார். "நான் முகத்தைப் பாத்துட்டுத்தான் உள்ள தள்ளினேன்."

வருடாவருடம் திதியன்று அப்பாவின் முகத்தை நினைக்கிறேன். அவர் முகம்தான் வருகிறது, கையில் சீப்போடு.